டொக்டரின் தோளும் சிவப்பு எண்ணெயும்

தொண்ணூறுகளின் பிற்பகுதி. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றிலிருந்த தொடர்மாடியில் நாங்கள் குடியிருந்தோம். வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் சந்திக்குச் சந்தி பீப்பாய்களை வைத்து வழியை மறித்திருந்தார்கள். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைக்காமல் பாண் வாங்கக்கூட இறங்க முடியாது. பாடசாலைப் பரிசோதகராக நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்று எனக்கு இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. தொடர்மாடிச் சங்கத்தின் தலைவர் பதவியும் என்னிடமே இருந்தது. நான் கேட்டுப் பெற்ற பதவி அல்ல; ஆனால் வேண்டாம் என்று மறுத்ததும் இல்லை.

எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் தனியாக வசித்தார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். எழுபதைக் கடந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சட்டை அணிந்து, தம்முடைய பழைய ஜப்பான் காரை எடுத்துக்கொண்டு ஹெந்தளையிலிருந்த தமக்கையாரைப் பார்க்கப் போவார். அங்கே மதியச் சாப்பாடு. பொழுதுபடுமுன் திரும்பிவிடுவார். எங்கள் ஒழுங்கையில் ஞாயிற்றுக்கிழமை என்பதே அந்தக் கார் வெளியே போகும் சத்தத்தோடுதான் தொடங்கும்.

ஒருநாள் அந்தக் கார் வாசல் தூணில் உராய்ந்தது. அடுத்த மாதம் மீண்டும் அதே தூணில். கீழ்மாடியிலிருந்தவர்கள் பிள்ளைகள் விளையாடும் இடம் என்று முறையிட்டார்கள். சங்கத் தலைவர் என்ற முறையில் நான் விசாரணை வைத்தேன். பரிசோதகராக இருந்தவனுக்கு விசாரணை என்றால் நாற்காலியும் மேசையும் கூட்டக் குறிப்பேடும் வேண்டும், எல்லாம் வைத்தேன்.

டொக்டர் வாதாடவே இல்லை. "நானே என்னைச் சோதிச்சுப் பார்த்திட்டன் ஐசே. தோள்மூட்டு இறுகிப் போச்சு. ஸ்டியரிங்கை வளைக்க ஏலாமல் கிடக்கு. வயசு" என்றார்.

நோயாளியும் வைத்தியரும் ஒருவரே ஆகி, நோயையும் அவரே சொல்லிவிட்ட பிறகு எனக்கு வேறு சாட்சி எதற்கு? "இந்தக் காலத்தில செக்பொயின்றில கை ஒருக்காப் பிசகினால் ஆர் பதில் சொல்லுறது, டொக்டர்?" என்று கேட்டேன். அவர் தலையாட்டினார். முதுமையின் காரணமாகக் கைவலு குன்றியுள்ளதால் இவர் வாகனம் செலுத்துவதைத் தவிர்ப்பதே அனைவருக்கும் நலம் என்று குறிப்பேட்டில் என் கையாலேயே எழுதி, இரண்டு பேரிடம் ஒப்பமும் வாங்கினேன்.

டொக்டர் காரை விற்கத் தீர்மானித்து, ஒரு தரகரிடம் ஒப்படைத்தார். முப்பது வருடங்கள் என்னோடு உழைத்த பழைய ஆங்கிலக் கார் அந்த வருடம்தான் ஓய்ந்துபோயிருந்தது. ஆகவே அவருடைய காரை நானே வாங்கிக்கொண்டேன்.

என் பழைய காரில் பவர் ஸ்டியரிங் கிடையாது. அதை வளைக்க முழு உடம்பும் வேண்டும். டொக்டரின் காரோ முதல் நாள் ஒற்றை விரலுக்கே திரும்பியது. ஆசனத்தில் இருந்தபடி அந்த விரலையே பார்த்தேன். இவ்வளவு இலேசான ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை என்றால் பாவம், டொக்டருக்கு உண்மையிலேயே கை போய்விட்டது என்று நினைத்தேன். என் தீர்ப்பு சரி என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி? "கார் நல்ல கார்தான், ஓடினவருக்குத்தான் வயசு போட்டுது" என்று கீழ்மாடிக்காரர் ஒருவரிடம் சொல்லவும் செய்தேன். அந்த வசனத்தை நினைக்கும்போது இன்றும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நான்காவது மாதமளவில் ஸ்டியரிங் எனக்கும் கனக்கத் தொடங்கியது. முதலில் காலை வேளைகளில் மட்டும். ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்குத் திருப்பும்போது முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்கும். பழைய காருக்கு முனகலும் இருமலும் இயல்பு என்று விட்டுவிட்டேன். பின்னர் மாலையிலும் கனத்தது. மெதுவாக ஓடும்போதுதான் அதிகம். வேகம் எடுத்தால் அவ்வளவு தெரியாது.

கல்லூரியில் தர்க்கம் படித்தவன் நான். ஆகவே தர்க்க முறைப்படியே சிந்தித்தேன். பவர் ஸ்டியரிங் என்பது இலேசாகத் திரும்புவது. இந்தக் காரில் இருப்பது பவர் ஸ்டியரிங். அது எனக்குக் கனக்கிறது. ஆகவே பழுதடைந்திருப்பது நான். இதில் ஓர் ஓட்டையும் எனக்குத் தென்படவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தண்ணீர் வாளியை இருபது தரம் தூக்கி இறக்குவேன். வெளியே போகுமுன் தோளில் தைலம் தடவுவேன். மனைவிக்கு மூக்கு கூர்மை.

"என்னப்பா, கோயிலுக்குப் போகேக்க திருநீறு, காருக்குப் போகேக்க தைலமோ?" என்றாள் ஒருநாள்.

"கடற்காத்து. பிடிச்சுக்கொண்டுது" என்றேன்.

"எங்களுக்கெல்லாம் பிடிக்காத காத்து" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ஒருநாள் மாலை, கல்கிசையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு நானும் அவளும் திரும்பிக்கொண்டிருந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் கையைக் காட்டி, "வமட்ட கன்ன!" என்றார். இடப்பக்கம் எடுக்கச் சொல்கிறார். இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே ஒடுக்கமான வழி. வேகத்தைக் குறைத்தேன். குறைத்ததும் ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தேன். கார் பாதி திரும்பி, அப்படியே நேராகப் போய்ப் பீப்பாயில் முட்டியது. வெறும் பீப்பாய், பெருஞ்சத்தத்தோடு சரிந்து உருண்டது. கண் இமைப்பதற்குள் மூன்று துவக்குகள் எங்களை நோக்கித் திரும்பின.

எனக்குச் சிங்களம் எழுத வரும். அந்த நேரத்தில் பேச வரவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ தொடங்கினேன். அதற்குள் மனைவி இரண்டு கைகளையும் உயர்த்தியபடி ஜன்னலால் தலையை நீட்டி, "அத்த அமாருய், புத்தே. மஹத்தயாட்ட அத்த அமாருய்" என்றாள். மகனே, ஐயாவுக்குக் கை ஏலாது என்று பொருள். சிப்பாய் என்னைப் பார்த்தார். கைத்துப்பாக்கியோடு நின்ற இன்னொருவர் என் வழுக்கையைப் பார்த்தார். துவக்குகள் தாழ்ந்தன. அட்டைகளைப் பார்த்து, காரைச் சோதித்து, பீப்பாயை அவர்களே நிமிர்த்தி வைத்து எங்களைப் போகவிட்டார்கள்.

உயிர் தப்பியது பெரிது என்று நினைத்திருக்க வேண்டும். நான் நினைத்ததோ, இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பதைத்தான்.

வீட்டுக்கு வந்து தேநீர் வைத்துத் தந்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள். "டொக்டருக்குச் சொன்ன நியாயம் உங்களுக்கும்தானேயப்பா?"

அந்த நியாயத்தை எழுதியவனே நான். மறுநாள் காரை விற்பதென்று முடிவு செய்தேன்.

விற்பதற்குமுன் அதைத் துடைத்து மினுக்கவேண்டும். டொக்டரைப் படிக்கட்டில் கண்டபோது, தாம் விற்குமுன் காரை எங்கே கொடுத்துச் சரிபார்த்தார் என்று, ஏதோ பேச்சோடு பேச்சாகக் கேட்பதுபோல் கேட்டேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜ் என்றார். தரகர்தான் கொண்டுபோனார், தாம் போகவில்லை என்றார். "ஏன் ஐசே, கார் கரைச்சல் குடுக்குதோ?" என்று கேட்டார். "சும்மா ஒரு சேர்விஸ்" என்றேன். அவர் என் வலது தோளை ஒரு கணம் பார்த்தார். தைல வாசனை டொக்டருக்குத் தெரியாததா?

கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர எனக்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. ஒவ்வொரு சந்தியிலும் ஒரு மல்யுத்தம். கராஜ் ஒரு நீண்ட ஒழுங்கையின் முடிவில், தகரக் கூரையின் கீழ் இருந்தது. அங்கே வேலை செய்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். மலையகத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களோடு வளர்ந்து, பிறகு கொழும்புக்கு வந்தவர். கைத்தொழில் தெரிந்தவரைக் கொழும்பில் பாஸ் என்றுதான் அழைப்போம். அவரும் எல்லோருக்கும் பாஸ்.

காரைக் கண்டதும் அவர் சிரித்தார். "அட, இது டாக்டரய்யா காருல்ல?"

"இப்போது என்னுடையது. விற்கப் போகிறேன். கொஞ்சம் துடைத்து மினுக்கித் தந்தால் போதும்" என்றேன், மேடையில் பேசும் தமிழில்.

"எதுக்குங்கய்யா விக்கிறீங்க?"

சொல்ல விரும்பவில்லை. ஆனால் கறுத்த எண்ணெய்க் கையோடு எதிரே நின்ற அந்த மனிதரின் முகத்தில் விசாரணை எதுவும் இல்லை. "கை முன்னைப்போல் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்ப முடியவில்லை" என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் ஆசனத்தில் ஏறி, இயந்திரத்தை இயக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இயக்கிவிட்டுத் திருப்பினார். அந்த முனகல் கேட்டது. இறங்கி வந்து, "பாருங்கய்யா, எஞ்சின் ஓடாதப்பவும் அதே கனம், ஓடுறப்பவும் அதே கனம். அப்ப பவர் எங்க போச்சு?" என்றார். பொனட்டைத் திறந்து, பட்டியால் சுழலும் ஒரு சிறிய பம்பையும் அதன் அருகே ஒரு சிறு குப்பியையும் காட்டினார். ஸ்டியரிங்கை இலேசாக்குவது அந்தப் பம்பு தள்ளும் எண்ணெய்தான் என்றும், அதற்கென்று தனியாக இப்படி ஒரு குப்பி உண்டென்றும் எனக்கு அதுவரை தெரியாது. முப்பது வருடம் ஓட்டிய காரில் அப்படி ஒன்று இருக்கவில்லையே! மூடியைக் கழற்றினார். உள்ளே அடியில் கொஞ்சம் நுரை. அவ்வளவுதான்.

"காஞ்சி போய்க் கெடக்கு. எண்ணெய் இல்லாம காத்தைக் குடிச்சுக்கிட்டுக் கத்துது." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "போன தடவ டாக்டரய்யா விக்கிறதுக்கு முன்னாடி தரகர் கொண்டாந்தப்பவும் இப்படியேதாங்க காஞ்சி கெடந்துச்சு. நான்தான் ரொப்பி விட்டேன். ஒழுகுது, பாக்கணும்னு தரகர்கிட்ட சொன்னேன். நேரமில்ல, கழுவிக் குடுன்னுட்டாரு."

அவர் மேலும் ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை. தூணில் உராய்ந்த கார், குறிப்பேடு, தலையாட்டிய டொக்டர். ஒற்றை விரலால் நான் திருப்பியது டொக்டரை விடப் பலமான கையால் அல்ல. அவர் ஓட்டுவதை நிறுத்தியபின் பாஸ் ஊற்றிய புதிய எண்ணெயால்.

அங்கே கிடந்த ஒரு பீப்பாயின் மேல் அமர்ந்துவிட்டேன். பாஸ் தேநீர் வரவழைத்தார். என் கைக்காகக் கவலைப்படுகிறேன் என்று நினைத்தார் போலும்.

பிறகு ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலை. அடிப்பக்கத்தை நன்றாகத் துடைத்தார். குப்பியைச் சிவப்பு எண்ணெயால் நிரப்பினார். காரின் கீழே விரிக்கப் பத்திரிகை கேட்டார். என் கையிலிருந்ததை நீட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்துத் தலையசைத்தார். "சண்டப் பக்கம் வேணாங்கய்யா, ஒரே கறுப்பு. சொட்டு தெரியாது. கல்யாண விளம்பரப் பக்கம் குடுங்க, வெள்ள நெறைய இருக்கும்."

மணமகன் தேவை, மணமகள் தேவை என்ற பக்கத்தை விரித்தோம். என்னை ஸ்டியரிங்கை இரு முனைக்கும் திருப்பச் சொன்னார். ஐந்தாறு தடவை திருப்பியபோது கீழிருந்து குரல் வந்தது: "விழுந்திருச்சு! அரசாங்க உத்தியோக மாப்பிள்ள மேல ஒரு சொட்டு. லண்டன் மாப்பிள்ள மேல ரெண்டு சொட்டு." ஒன்று பம்பின் அச்சில் இருக்கும் றப்பர் சீல். மற்றது எண்ணெய் அழுத்தமாகப் போகும் குழாயின் பொருத்து. இரண்டும் வயதாகிக் கல்லாகிவிட்டன என்றார்.

மறுநாள் பேருந்தில் போனேன். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சீலும் குழாயும் எடுத்து வந்து மாற்றியிருந்தார். முன் சில்லுகள் இரண்டையும் நிலத்திலிருந்து தூக்கி வைத்திருந்தார். குழாய்க்குள் அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டுமாம். இயந்திரத்தை இயக்காமல் மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப வேண்டுமாம். "அவசரப்பட்டா காத்து உள்ளயே நின்னுக்கிரும். மெதுவா, மெதுவா" என்றார். ஆயிரம் ஆசிரியர்களுக்கு உத்தரவு போட்டவன், அரை மணித்தியாலம் அவர் சொன்னபடி திருப்பினேன். குப்பியில் குமிழிகள் எழுந்து எழுந்து அடங்கின. அவர் எண்ணெயை ஊற்றி ஊற்றி நிரப்பினார். கடைசியில் சில்லுகளை இறக்கி, இயந்திரத்தை இயக்கச் சொன்னார்.

ஒற்றை விரலால் திருப்பினேன். திரும்பியது.

"கை நல்லாத்தானே இருக்கு? இனி எதுக்கு விக்கிறீங்க?" என்றார் பாஸ்.

அந்தக் கணத்தில் வந்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். ஆனால் கொள்ளுப்பிட்டியைத் தாண்டுவதற்குள் அது வடிந்துவிட்டது. என் கை நன்றாக இருந்தால் டொக்டரின் கையும் அன்று நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஐந்து மாதமாக அவர் ஹெந்தளைக்குப் போகவில்லை. இரண்டு பேருந்து மாறி, இத்தனை சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் போக அவரால் முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைச் சட்டையோடு பல்கனியில் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். கண்டுவிட்டு, அவருடைய காரில்தான் நான் சந்தைக்குப் போனேன்.

அவருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு தடவை கிழித்தேன். ஒவ்வொன்றும் திணைக்கள அறிக்கை போலவே வந்தது. மேற்படி விடயம் தொடர்பாக என்று தொடங்கிய ஐந்தாவதை மனைவி என் தோளுக்கு மேலால் வாசித்தாள்.

"அறிக்கை எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு ரெண்டு மாடி ஏறத் தெரியாதோ? பேனையை வையுங்கோ. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போங்கோ."

போனேன். டொக்டர் வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: காய்ந்த குப்பி, சீல், தரகர், என் தைலம், கீழ்மாடிக்காரரிடம் நான் சொன்ன வசனம்கூட. அவர் வானொலியை நிறுத்தினார். தம்முடைய வலது தோளைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப ஐசே," என்றார், "ஐஞ்சு மாசமா நல்ல தோளுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறன்!"

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். "நீர் மட்டும் என்ன, நானும்தானே சொன்னனான். நாற்பது வருசம் ஆக்களைத் திறந்து பார்த்தவன், ஒருநாள் பொனட்டைத் திறந்து பார்க்கேல்லையே" என்றார். கார்ச் சாவியை மேசையில் வைத்தேன். காரைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாருமென்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டினார். நான் அருகில் இருந்தேன்; பின்னால் என் மனைவி. வாசல் தூணுக்கும் காருக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம். களனிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் பீப்பாய்களுக்கு நடுவே பூனைபோல் நுழைந்து வெளியேறினார். வெளியேறியதும் என் பக்கம் திரும்பி, "குறிப்பேடு கொண்டு வந்தனீரோ?" என்று கேட்டார். மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றே நினைக்கிறேன்.

ஹெந்தளையில் தமக்கையார் வாசலிலேயே நின்றார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். தம்பியின் கையைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன்ரை தோள் சுகமாயிட்டுதோடா?"

"ஓம் அக்கா. கொட்டாஞ்சேனையில ஒரு நல்ல வைத்தியர்" என்றார் டொக்டர். அவ்வளவுதான். என் பக்கம் பார்க்கவும் இல்லை. என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவர் அதை எப்போதோ தீர்மானித்து வைத்திருந்தார் என்பது எனக்கு விளங்கியது.

நான் அத்தோடு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் சோற்றைப் பரிமாறும்போது அந்த அம்மா என்னிடம் சொன்னார்: "தம்பி, நீங்கள்தானாம் அந்த நேரம் இவனைக் கார் ஓடவேண்டாமெண்டு நிப்பாட்டினது. உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். இல்லாட்டி செக்பொயின்றில என்ன நடந்திருக்குமோ!"

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு அந்தச் சோற்றைச் சாப்பிட என்னால் முடியவில்லை. டொக்டர் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். தட்டட்டும் என்று விட்டுவிட்டு, முழுவதையும் அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் அகப்பையைப் பிடித்தபடியே கேட்டார். கேட்டு முடிந்ததும் என் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை ஞாயிறும் நான் சமைச்சுப்போட்டுத் தனிய இருந்து சாப்பிட்டது உங்கடை அறிக்கையாலையோ?"

"ஓம் அக்கா."

"அப்ப இனி எல்லா ஞாயிறும் நீங்களும் வரவேணும். ரெண்டு பேருமா வாங்கோ. அதுதான் தண்டனை" என்று சொல்லி, இன்னும் ஓர் அகப்பை கத்தரிக்காய்க் கறியை என் சோற்றில் வைத்தார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பழைய பதிவை வாசித்து, அது தவறானது என்றும், தவறு டொக்டருடைய கையில் அல்ல, என் விசாரணையில்தான் இருந்தது என்றும் எழுந்து நின்று சொன்னேன். டொக்டர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். கீழ்மாடிக்காரர் ஒருவர் சிரித்தார். மனைவி பின்வரிசையில் இருந்து சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அன்று எழுதிய திருத்தத்துக்கு யாருடைய ஒப்பமும் நான் கேட்கவில்லை.

அந்தத் தண்டனையை, அக்கா காலமாகும்வரை, நாங்கள் ஒரு ஞாயிறும் தவறாமல் அனுபவித்தோம். இன்று டொக்டரும் இல்லை. காரை எப்போதோ விற்றாயிற்று. எனக்கும் இப்போது உண்மையாகவே தோள் வலிக்கிறது. ஆனாலும் ஒருவர் தம்மால் முடியவில்லை என்று சொல்லும்போது, அவருடைய கையைப் பார்ப்பதற்கு முன், அவர் எதைத் திருப்பப் பாடுபடுகிறார் என்று குனிந்து பார்க்கும் பழக்கம் மட்டும் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.